ஞாபகம் இருக்கு, ஆனா வரமாட்டேங்குது

"மறந்துட்டேன்"னு ஒரே வார்த்தையில முடிச்சிடறோம், ஆனா அதுக்குள்ள மூணு வேற வேற கோளாறு ஒளிஞ்சிருக்கு. சும்மா பேசறப்ப இதே நாமதான் "மண்டையில ஏறல", "மனசுல நிக்கல", "வாய் வரைக்கும் வருது, வெளிய வரமாட்டேங்குது"ன்னு தனித்தனியா சொல்றோம், ஆராய்ச்சிக்காரங்க வருஷக்கணக்கா சோதனை பண்ணி பிரிச்சு வெச்ச மூணு கட்டமும் கிட்டத்தட்ட இதேதான். பாடப்புத்தகத்துல குறியேற்றம், தேக்கிவைத்தல், மீட்டெடுத்தல்னு போட்டிருப்பாங்க, படிச்சாலே கொட்டாவி வரும். நான் ஏறறது, நிக்கறது, வர்றதுன்னே எழுதறேன்.

முதல்ல ஏறறது. "காதுல விழுந்துச்சு" வேற, "கவனிச்சேன்" வேற, இல்லையா? இந்த வித்தியாசத்தை 1953-ல காலின் செர்ரின்னு ஒருத்தர் ஹெட்ஃபோன வெச்சே காட்டினார். ஒரு காதுல ஒரு பேச்சு, இன்னொரு காதுல வேற பேச்சு, ஒரு பக்கம் கேக்கறத மட்டும் அப்படியே திருப்பி சொல்லிட்டே வரணும். முடிச்சதும் அந்த இன்னொரு காதுல என்ன ஓடுச்சுன்னு கேட்டா, ஆம்பளை குரலா பொம்பளை குரலான்னு சொன்னாங்க, பேசினது என்னன்னு சொல்ல முடியல, நடுவுல பேச்சு இங்கிலீஷ்ல இருந்து ஜெர்மனுக்கு மாறினது கூட தெரியல. சத்தம் ரெண்டு காதுக்குள்ளயும் ஒழுங்காத்தான் போச்சு. 1959-ல நெவில் மோரே இதையே கொஞ்சம் மாத்தி, கவனிக்காத காதுல கேக்கறவங்களோட பேரை நுழைச்சுப் பாத்தார், மூணுல ஒருத்தர் மாதிரி டக்குனு பிடிச்சிட்டாங்க. அதாவது மூளை கதவை முழுசா சாத்திக்கறது இல்ல, சும்மா ஒருக்களிச்சு வெச்சிருக்கு.

கண்ணுக்கும் இதே கதைதான். 1979-ல அமெரிக்காவுல நிக்கர்சனும் ஆடம்ஸும் ஜனங்களை கூப்பிட்டு, தினமும் பாக்கெட்ல கெடக்கற ஒரு சென்ட் நாணயத்தை பாக்காம வரையச் சொன்னாங்க. அதுல முக்கியமான அம்சம் 8, சரியான இடத்துல சரியா வரைஞ்சது சராசரியா 3 தான். ஆயிரக்கணக்கான தடவை பாத்த பொருள்! இத மறதின்னு சொல்றதே தப்பு, ஏறியிருந்தாத்தானே மறக்கறதுக்கு. நாணயத்தை செலவு பண்ண அதோட கலரும் சைஸும் போதும், முகம் எந்தப் பக்கம் பாக்குதுன்னு யாருக்கு வேணும்? (பழைய தமிழ்ல பொச்சாப்புன்னு ஒரு சொல் உண்டு, மறதிக்கும் கவனக்குறைவுக்கும் ரெண்டுக்கும் அதே சொல்தான். அப்பவே யாரோ கவனிச்சிருக்காங்க போல.)

கவனிச்சா மட்டும் போதுமான்னா அதுவும் இல்ல, எப்படி கவனிக்கறோம்ங்கறது இருக்கு. க்ரெய்க், டல்விங் ரெண்டு பேரும் 1975-ல வார்த்தைகளை ஒண்ணொண்ணா காட்டி, சிலதுக்கு "இது பெரிய எழுத்தா சின்ன எழுத்தா"ன்னு கேட்டாங்க, சிலதுக்கு "இதோட ஓசை இந்த இன்னொரு வார்த்தையோட ஒத்துப் போகுதா"ன்னு, சிலதுக்கு "இந்த வாக்கியத்துல இது பொருந்துமா"ன்னு. பின்னாடி திடீர்னு டெஸ்ட் வெச்சா, அர்த்தத்தை யோசிக்க வெச்ச வார்த்தைங்கதான் அதிகமா ஞாபகத்துல இருந்துச்சு, எழுத்தோட வடிவத்தை மட்டும் பாத்த வார்த்தைங்க கடைசி. நுனிப்புல் மேயறதுன்னு நாம சொல்றோமே, அதுக்கு ஆய்வுக்கூடத்துல கிடைச்ச சாட்சி இது.

அடுத்தது நிக்கறது. ஏறின உடனே இடம் ரொம்ப கம்மி. 1956-ல ஜார்ஜ் மில்லர் ஒரு நேரத்துக்கு 7 விஷயம், கூட்டியோ குறைச்சோ 2ன்னு சொன்னார், 2001-ல நெல்சன் கோவன் அதெல்லாம் அதிகம், உண்மையில 4 கிட்டத்தான்னு குறைச்சிட்டார். அதுவும் மனசுக்குள்ள திருப்பித் திருப்பி சொல்லிட்டு இருந்தாத்தான் நிக்கும். வெறும் மூணு எழுத்தைச் சொல்லிட்டு, உடனே ஒரு எண்ணுல இருந்து மூணு மூணா குறைச்சு எண்ணச் சொன்னா, 18 செகண்ட்ல பத்துல ஒரு தடவைதான் அந்த மூணு எழுத்து சரியா வருது, 1959-ல பீட்டர்சன் தம்பதி பண்ணின சோதனை இது. ஏதோ எடுக்க ரூமுக்குள்ள வந்துட்டு எதுக்கு வந்தோம்னு முழிக்கறோமே, அதை நினைச்சு ரொம்ப வருத்தப்பட வேண்டாம்.

நீண்ட நாள் கணக்கை எடுத்தவர் எப்பிங்ஹாஸ், 1885. தன்னையே எலி மாதிரி வெச்சு, அர்த்தமே இல்லாத அசைகளை மனப்பாடம் பண்ணி, விட்டு, மறுபடி பண்ணினார். ரெண்டாவது தடவை எவ்வளவு நேரம் மிச்சமாகுதுங்கறதுதான் அவரோட அளவுகோல், எனக்கு இதுதான் அவர்கிட்ட ரொம்ப பிடிச்சது, ஏன்னா ஒண்ணுமே ஞாபகம் இல்லன்னு தோணறப்ப கூட உள்ள மிச்சம் இருக்கறத அது பிடிச்சிடும். ஒரு மணி நேரம் கழிச்சு மிச்சம் 44 சதவீதம், ஒரு நாள் கழிச்சு 34 கிட்ட, ஆனா ஒரு மாசம் கழிச்சும் 21 இருந்துச்சு. மொதல்ல மடமடன்னு சரியுது, அப்புறம் தரையோட தரையா ரொம்ப மெதுவா.

ஹென்றி மொலைசன் கதை இங்க வரணும். வலிப்புக்காக 1953-ல ஆபரேஷன் பண்ணி, மூளையோட ரெண்டு பக்கமும், புது ஞாபகம் நிக்கறதுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் இருக்கற பகுதியில பெரும்பங்க எடுத்துட்டாங்க, அதுக்கப்புறம் அவருக்கு புதுசா நடக்கறது எதுவும் நிக்கல. அவரை ஆராய்ச்சி பண்ணின பிரெண்டா மில்னர் அவரை கண்ணாடியில பாத்துட்டே நட்சத்திரத்தை வரையச் சொன்னார், மூணு நாள்ல கை நல்லா பழகிடுச்சு, ஆனா ஒவ்வொரு நாளும் அவருக்கு அது புது வேலை. கைப்பழக்கம் தனி கணக்கு, நடந்ததை நினைக்கறது தனி கணக்குன்னு அப்பத்தான் தெளிவாச்சு.

கடைசியா வர்றது. ஏறியாச்சு, நிக்குது, ஆனா கூப்பிட்டா வரல. 1966-ல பிரவுனும் மெக்நீலும் அரிதான வார்த்தைகளோட அர்த்தத்தைப் படிச்சுக் காட்டி, வார்த்தை நாக்கு நுனியில நிக்கறவங்ககிட்ட முதல் எழுத்து என்னன்னு கேட்டாங்க, பாதிக்கு மேல சரியா சொன்னாங்க. ஆக அது காணாம போகல, வழிதான் அடைச்சிருக்கு. வழிய எப்படி திறக்கறது? நடந்து நடந்துதான். 2006-ல ரோடிகரும் கார்பிக்கும், ஒரு பகுதிய ரெண்டு தடவை படிச்சவங்களையும், ஒரு தடவை படிச்சிட்டு இன்னொரு தடவை பாக்காம எழுதினவங்களையும் ஒப்பிட்டாங்க. 5 நிமிஷத்துல டெஸ்ட் வெச்சா ரெண்டு தடவை படிச்சவங்க 81 சதவீதம், எழுதினவங்க 75. ஒரு வாரம் கழிச்சு அப்படியே தலைகீழ், 42க்கு 56. பரீட்சைக்கு முந்தின ராத்திரி திருப்பித் திருப்பி படிக்கறப்ப எல்லாம் தெரிஞ்ச மாதிரியே இருக்குமே, அந்த "தெரிஞ்ச மாதிரி"தான் ஆளை கவுக்கறது.

இன்னொரு சிக்கல், வர்றது எப்பவும் வெச்சது வெச்ச மாதிரி வர்றதில்ல. லோஃப்டஸும் பாமரும் 1974-ல கார் விபத்து படம் ஒண்ணை போட்டுக் காட்டி, 50 பேர்கிட்ட "கார் மோதினப்ப என்ன வேகம்"னு கேட்டாங்க, வேற 50 பேர்கிட்ட "நொறுங்கற மாதிரி மோதினப்ப என்ன வேகம்"னு கேட்டாங்க. ஒரு வாரம் கழிச்சு எல்லாரையும் கூப்பிட்டு, உடைஞ்ச கண்ணாடி பாத்தீங்களான்னு ஒரு கேள்வி. முதல் கூட்டத்துல 7 பேர் பாத்தேன்னாங்க, ரெண்டாவது கூட்டத்துல 16 பேர். படத்துல கண்ணாடி உடையவே இல்ல.