நொக்கார்டியாவைக் காட்டிக்கொடுக்கும் அமிலம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரச் செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டுகிறவர்கள் நாள் முழுக்க அண்ணாந்தபடியே வேலை செய்கிறார்கள். மட்டையிலிருந்து தூசியும் சிராயும் கண்ணில் விழும். பெரும்பாலும் கண்ணீரோடு போய்விடும். கருவிழியில் கீறல் பட்டு அதில் மண்ணும் ஒட்டினால்தான் வம்பு. சுமார் அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள அந்தக் கண்ணாடித் திசுவுக்குள் மிக அரிதாக நுழைவது நொக்கார்டியா என்ற மண்வாழ் பாக்டீரியா. பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் எட்மண்ட் நொக்கார் 1888இல் மாடுகளின் நோயொன்றில் இதை இனம்கண்டார்.

இது மெதுவாக வளரும். உறுத்தல், சிவப்பு, வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சம். கருவிழியில் வெள்ளைப் புள்ளிகள் மாலைபோல் வளைந்து நிற்கும். கிளைவிட்ட இழைகளாகவே வளர்வதால் பூஞ்சை என்று தவறாக எண்ணப்படுவதுண்டு. பூஞ்சைக்கான சொட்டு மருந்து இதை அசைக்காது.

ஆகவே புண்ணைச் சுரண்டிப் பார்த்தே தீர வேண்டும். சுரண்டுவது என்றதும் பயப்படுகிறார்கள். பயமே வேண்டாம், மரத்துப்போக முதலில் சொட்டு விடுவார்கள். எடுத்த துகளைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சிவப்புச் சாயம் ஏற்றி, அமிலத்தால் கழுவுவார்கள். காசநோய்க் கிருமியைத் தேடும் சோதனையும் இதுவே. அந்தக் கிருமியின் சுவரிலுள்ள மைகோலிக் அமிலம் என்ற கொழுப்பு 60 முதல் 90 கார்பன் அணுக்கள் கொண்ட நீண்ட சங்கிலி. அதனால் 20 சதவீதக் கந்தக அமிலத்திலும் அதன் சாயம் போகாது. நொக்கார்டியாவின் சங்கிலி குட்டை, 40 முதல் 60 வரைதான். அதே அமிலத்தில் கழுவினால் சாயம் போய்விடும், கிருமியே இல்லை என்றுகூடத் தோன்றும். 1 சதவீத அமிலத்தில் கழுவினால் சிவப்பு இழைகள் தெளிவாக நிற்கும். இந்தச் சோதனையைக் கேட்கும் எண்ணம் மருத்துவருக்கு வர வேண்டுமே! கண்ணில் மண் விழுந்ததையும், இதுவரை விட்ட சொட்டுகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். தாய்ப்பால் விட்டிருந்தால் அதையும்தான்.

துகளிலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனையில் சுண்ணாம்புத்தூள் போன்ற வெண்திட்டுகள் தெரிய ஒரு வாரம்கூட ஆகலாம்.

மருந்து அமிக்காசின். கிருமி புரதம் தயாரிக்கும் ரைபோசோமை அது முடக்குகிறது. ஊசி மருந்தை நீர்த்து, சுமார் 2.5 சதவீதச் சொட்டாக மருத்துவமனை மருந்தகத்தில் தயாரிக்கிறார்கள். தொடக்கத்தில் மணிக்கொருமுறை, இரவிலும். பிறகு இடைவெளியைக் கூட்டி, வாரக்கணக்கில் தொடர வேண்டும். கடையில் வாங்கிய ஸ்டீராய்டு சொட்டை மட்டும் தொடவே கூடாது. சிவப்பு குறையும், கிருமி உள்ளே பரவும். சீக்கிரம் கண்டுபிடித்தால் பார்வை பெரும்பாலும் மீளும். தாமதித்து நடுவிழியில் பூ விழுந்துவிட்டால், கருவிழி மாற்று அறுவை சிகிச்சைவரை போக வேண்டியிருக்கும்.