போரில் இறந்த வீரரின் குடும்பத்துக்குச் சட்டப்படி என்ன கிடைக்கும்?

எல்லையில் ஒரு ஜவான் இறந்தால் மறுநாள் பேப்பரில் நிவாரணத் தொகை கொட்டை எழுத்தில் வரும். ஆனால் அந்தக் குடும்பம் அடுத்த நாற்பது வருடம் எப்படிப் பிழைக்கும் என்பது அந்தத் தொகையில் இல்லை. அவருடைய யூனிட் அந்த மரணத்தை எந்த வகையில் பதிவு செய்கிறது என்பதில்தான் இருக்கிறது.

இந்திய ராணுவத்தில் குடும்ப ஓய்வூதியம் மூன்று வகை. நோய்வாய்ப்பட்டோ, பணிக்குத் தொடர்பில்லாத வேறு காரணத்தாலோ இறந்தால் சாதாரண ஓய்வூதியம். பணியின் காரணமாக இறந்தால் சிறப்பு ஓய்வூதியம். போரிலோ எல்லை மோதலிலோ தீவிரவாதிகளுடனான சண்டையிலோ இறந்தால் ‘லிபரலைஸ்டு ஃபேமிலி பென்ஷன்’.

வித்தியாசம் எவ்வளவு? அடிப்படைச் சம்பளம் 28,400 ரூபாய், ராணுவப் பணி ஊதியம் 5,200, ஆக 33,600 வாங்கிய ஜவானை எடுத்துக்கொள்வோம். லிபரலைஸ்டு என்றால் மனைவிக்கு அந்த 33,600 முழுசாக வரும். சிறப்பு என்றால் 60 சதவீதம், 20,160. சாதாரணம் என்றால் முதல் 10 ஆண்டுகளுக்குப் பாதி, அப்புறம் 30 சதவீதம், அதாவது 10,080. எல்லாவற்றுக்கும் மேலே அகவிலைப்படி தனி. ஆள் ஒருவர்தான், இழப்பும் ஒன்றுதான்; காகிதத்தில் எழுதிய வகை மாறினால் மாத வருமானம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

மத்திய அரசின் கருணைத் தொகையிலும் இதே கதைதான். 2016 முதல் பணியில் நேர்ந்த விபத்துக்கோ தீவிரவாதிகளின் வன்முறைக்கோ பலியானால் 25 லட்சம், எல்லை மோதலிலோ தீவிரவாதிகளுக்கு எதிரான நடவடிக்கையிலோ என்றால் 35 லட்சம், போரில் எதிரியின் தாக்குதலில் என்றால் 45 லட்சம். அறிவிக்கப்பட்ட உயரமான மலை முனைகளில் இயற்கைப் பேரிடராலோ கடும் வானிலையாலோ இறந்தாலும் 35 லட்சம் உண்டு. பனிச்சரிவில் மகனை இழந்த குடும்பம் ‘சண்டையில் சாகவில்லையே’ என்று சும்மா இருந்துவிடக் கூடாது. மாநில அரசு தருவது இதற்கு மேல்; அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

சரி, பணம் யாருக்குப் போகும்? வீடுகளில் சண்டை வெடிப்பது இங்கேதான். ஓய்வூதியத்தில் விதிப்படி மனைவிக்குத்தான் முதல் உரிமை, அடுத்து பிள்ளைகளுக்கு. இவர்கள் யாரும் இல்லாவிட்டால்தான் பெற்றோருக்கு. ராணுவக் குழுக் காப்பீடு, சேமநிதி இரண்டும் நாமினியாக எழுதப்பட்டவருக்குப் போகும். பத்தொன்பது வயதில் சேர்ந்தபோது அம்மா பெயரை எழுதியவர் கல்யாணத்துக்குப் பிறகு அதை மாற்றாமலே விட்டிருப்பார். கல்யாணமே ‘பார்ட் டூ ஆர்டர்’ என்ற பணி ஆவணத்தில் ஏறாமல் இருந்தால், துக்கத்துக்கு நடுவே மனைவி ‘நான்தான் மனைவி’ என்று நிரூபித்துக்கொண்டு அலைய வேண்டும். காப்பீட்டில் ஒன்றுக்கு மேற்பட்டவரைச் சதவீதம் போட்டு நியமிக்கலாம். உயிரோடு இருக்கும்போதே பெற்றோருக்கும் மனைவிக்கும் பங்கு பிரித்து எழுதிவைப்பதுதான் நல்லது. இருபத்தைந்து வயது பையனிடம் இதைப் பேச எந்த வீட்டிலும் வாய் வராது, தெரியும். ஆனாலும் பேசியாக வேண்டும்.

மறுமணம் செய்தால் பென்ஷன் நின்றுவிடும் என்று சொல்லி இளம் விதவைகளைப் பயமுறுத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். லிபரலைஸ்டு பென்ஷன் வாங்கும் பெண் மறுமணத்துக்குப் பிறகும் பிள்ளைகளைப் பராமரித்தால் முழுத் தொகையும் அவருக்கே தொடரும். பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தை அரசு தரும். அதற்கு இருந்த மாதம் 10,000 ரூபாய் உச்சவரம்பை 2018-ல் எடுத்துவிட்டார்கள்.

இதுவரை சொன்ன ஓய்வூதியம் எதுவும் அக்னிபத் திட்டத்தில் சேரும் அக்னிவீர்களுக்கு இல்லை. 2022 ஜூனில் அறிவித்த இந்தத் திட்டத்தில் பதினேழரை வயதிலேயே சேரலாம், பணி 4 ஆண்டு. பணியின் காரணமாக இறந்தால் காப்பீடு 48 லட்சம், கருணைத் தொகை 44 லட்சம், மீதிப் பணிக்காலத்துக்கான சம்பளம், அவர் சம்பளத்தில் பிடித்ததோடு அரசும் பங்கு போட்டுச் சேர்க்கும் சேவா நிதி எல்லாம் வரும். பணிக்குத் தொடர்பில்லாத மரணம் என்றால் காப்பீடும், அதுவரை சேர்ந்த சேவா நிதியும் மட்டும். மொத்தமாகப் பார்த்தால் பெரிய தொகைதான். ஆனால் மாதாமாதம் வராது, விலைவாசி ஏறினால் கூட ஏறாது, உறவுக்காரர் கடன் கேட்டு வந்தால் கரைந்தும் போகும். ஒரே பதுங்கு குழியில் இறந்த இருவரில் ஒருவரின் குடும்பத்துக்கு ஆயுள் முழுக்கப் பென்ஷன், இன்னொருவரின் குடும்பத்துக்கு ஒரே தடவைப் பணம். என்ன நிதிக் கணக்குச் சொன்னாலும் இது நியாயமாக எனக்குப் படவில்லை.

நடைமுறையில், ரெஜிமெண்டின் ஆவண அலுவலகம்தான் ஓய்வூதியக் கோரிக்கையை அனுப்பும். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் அது நீலகிரியில் உள்ள வெலிங்டனில் இருக்கிறது. ஓய்வூதிய உத்தரவு ‘ஸ்பர்ஷ்’ என்ற பாதுகாப்புத் துறையின் ஓய்வூதிய இணையதளத்தில் வரும். மரணம் ‘பேட்டில் கேஷுவல்டி’ (போர்க்கள இழப்பு) என்று பதிவானதா, ‘பிசிக்கல் கேஷுவல்டி’ (மற்றபடி நேர்ந்த இழப்பு) என்று பதிவானதா என்பதை முதலிலேயே கேட்டு, நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விசாரணை அறிக்கையின் நகலையும் கேளுங்கள். உதவிக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போகலாம். வகை தவறு என்று பட்டால் முதலில் ராணுவத்திடமே மேல்முறையீடு, அங்கே மறுத்தால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். அதற்குச் சென்னையிலும் ஒரு கிளை உண்டு.