கமக்கட்டில் கசியும் நீர்: எப்போது மறுபடி திறப்பது?

மூதூரிலிருந்து வந்த அந்த அம்மா பேரனின் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் திகதி போட்டு எழுதிக்கொண்டு வந்திருந்தார். 120, 110, 125, 115. மார்பகப் புற்றுநோய்க்காகக் கமக்கட்டு நிணநீர்க் கணுக்களை எடுத்து ஆறு வாரம். ரியூப்பில் ஒரு நாளில் வடியும் நீரின் அளவு அது, மில்லிலீற்றரில். "குறையுதே இல்லை டொக்டர்" என்றார். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

கணுக்களை எடுக்கும்போது அவற்றோடு சேர்ந்த மெல்லிய நிணநீர்க் குழாய்களும் அறுபடும். இரத்தக் குழாய் அறுந்தால் இரத்தம் உறைந்து வாயை அடைத்துவிடும். நிணநீர் அப்படி இலகுவில் உறையாது. கணுக்கள் இருந்த இடத்தில் ஒரு பள்ளம் வேறு. அதில் ஊறுகிற நீரை வெளியே எடுக்கத்தான் ரியூப்பும் போத்தலும். முதலில் சிவப்பாக வரும், பிறகு வெளிறி, வைக்கோல் மஞ்சளாகும். பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தானாகவே வற்றிவிடும். 24 மணித்தியாலத்தில் 30 மில்லிலீற்றருக்குக் குறைவாக, இரண்டு நாள் தொடர்ந்து வந்தால் பொதுவாக ரியூப்பை எடுத்துவிடுவோம்.

ஒருமுறை, குச்சவெளிப் பக்கமிருந்து பஸ்ஸில் அலைகிறாரே என்று இரங்கி, 70 வரும்போதே ஒருவருக்கு எடுத்துவிட்டேன். அடுத்த கிழமை கமக்கட்டில் தோடம்பழம் போல வீக்கத்தோடு வந்தார். ஊசி போட்டு நீர் இறக்க இன்னும் நாலு தரம் அலைந்தார். என் இரக்கத்துக்கு அவர்தான் பஸ் காசு கட்டினார்.

"நேற்றிலிருந்து ஒண்டும் வரேல்ல" என்று சந்தோஷமாகச் சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பயம்தான். படிப்படியாகக் குறையாமல் சட்டென்று நின்றால், பெரும்பாலும் ரியூப் அடைபட்டிருக்கும். கமக்கட்டு வீங்குகிறதா என்று தொட்டுப் பாருங்கள். காய்ச்சல், சிவப்பு, நாற்றம் இருந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே வாருங்கள். எண்ணெய் போட்டு உருவுவதும் வேண்டாம்.

மறுபடி சத்திரசிகிச்சை என்பது கடைசிப் படி. ஊசியால் இறக்குவது, அழுத்திக் கட்டுவது, பள்ளத்தின் சுவர்கள் ஒட்டிக்கொள்ள உள்ளே மருந்து செலுத்துவது எல்லாம் பார்த்தும் வாரக்கணக்கில் குறையாவிட்டால், அல்லது அந்த நீராலேயே கீமோவும் கதிர் சிகிச்சையும் தள்ளிப்போனால்தான் அதை யோசிப்போம். காரணம் இருக்கிறது. அங்கே கையின் பெரிய நாளமும், தோளையும் முதுகையும் அசைக்கும் நரம்புகளும் ஒன்றோடொன்று நெருங்கிக் கிடக்கின்றன. ஒருமுறை ஆறிய இடத்தில் தழும்பு எல்லாவற்றையும் ஒட்டிவைத்திருக்கும். அவசரத்தில் கைவைத்தால் புதுக் கசிவு உண்டாகும்.

அந்த அம்மாவுக்குக் கைத்தோலின் கீழ் நீலச் சாயம் ஏற்றி, கையை மெதுவாக நீவிவிட்டுக் காயத்தைத் திறந்தோம். துடைத்துவிட்டுக் காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் ஒரு மூலையில் கடுகளவு நீலம் துளிர்த்தது. துடைத்தோம், மறுபடி துளிர்த்தது. அதுதான் கசிகிற வாய். அதைச் சுற்றித் தையல் போட்டு இறுக்கினோம். பிறகு மேல்தோலை அடித்தசையோடு, பஞ்சு மெத்தை தைப்பதுபோல இடையிடையே தைத்துப் பள்ளத்தை மூடினோம். வாய் அகப்படாவிட்டால் பக்கத்துத் தசையைத் திருப்பி வைத்து நிரப்புவதும் உண்டு. உருப்பெருக்கியும் பயிற்சியும் உள்ள இடங்களில் கசியும் குழாயைச் சின்ன நாளத்தோடு இணைத்துவிடுவார்கள்.

மறுநாள் சிறுநீர் பச்சையாகப் போகிறதென்று மகள் பதறி ஓடிவந்தார். சாயம் வெளியேறுகிறது, ஓரிரு நாளில் சரியாகிவிடும் என்றேன். முதல்நாளே சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன்.

கொப்பியில் அடுத்து 60, 40, 25, 20 என்று விழுந்தது. ரியூப்பை எடுத்தேன். கொப்பியை நான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். மறுத்துவிட்டார். பேரனுக்குக் கணக்குச் செய்ய அதில் இன்னும் பக்கம் மிச்சமிருக்கிறதாம்.