நின்றால் நிற்கும் நெஞ்சுவலி

ஓய்வாக இருக்கும்போது கை கால் தசைகள் தமக்கு வரும் ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனில் கொஞ்சத்தைத்தான் எடுத்துக்கொள்கின்றன. வேலை கூடினால் மிச்சத்தில் கை வைக்கலாம். இதயத் தசைக்கு அந்த வசதி கிடையாது. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அது சுமார் 70 சதவீதத்தை உறிஞ்சிவிடுகிறது. மாடிப்படி ஏறுகிறோம் என்றால் அதற்குக் கூடுதல் ரத்தமே வந்தாக வேண்டும். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுவரும் கரோனரி தமனி கொழுப்பு படிந்து குறுகியிருந்தால், அதனால் அது முடியாது. அந்தப் பற்றாக்குறையில் எழும் வலிதான் ஆஞ்சைனா.

இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. இதயம் சுருங்கும்போது அதன் தசை தன் ரத்தக்குழாய்களையே நெரித்துவிடும். அதனால் இடது கீழறைக்கு ரத்தம் பெரும்பாலும் இதயம் தளரும் இடைவெளியில்தான் பாய்கிறது. துடிப்பு வேகமானால் அந்த இடைவெளி சுருங்கிவிடும். தேவை ஏறுகிற நேரம் பார்த்து வரத்து இறங்கும். துடிப்பை நிதானப்படுத்தும் பீட்டா பிளாக்கர் மாத்திரை இரண்டு பக்கமும் உதவுவது இதனால்தான்.

இந்த வலி மேட்டில் ஏறும்போது, குறிப்பாகச் சாப்பிட்ட கையோடு நடந்தால் வரும், நின்றதும் போய்விடும் என்று 1772-லேயே எழுதிவைத்தார் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹெபர்டன். நிலையான ஆஞ்சைனா இன்றும் அப்படியேதான் இருக்கிறது. பலர் இதை வலி என்றே சொல்வதில்லை. இறுக்குகிறது, பாரமாக இருக்கிறது என்பார்கள். எங்கே என்று கேட்டால் விரலால் தொட்டுக் காட்டாமல் மூடிய கையை நெஞ்சின் நடுவே வைப்பார்கள். இதயத்தின் நரம்புகளும் இடது கையின் சில நரம்புகளும் தண்டுவடத்தில் ஒரே பகுதியில் சேர்வதால், கையும் சேர்ந்து வலிக்கலாம்.

ஓய்விலேயே வருவது, புதிதாகத் தொடங்குவது, நாளுக்கு நாள் கூடுவது எல்லாம் நிலையற்ற ஆஞ்சைனா. கொழுப்புப் படிவு வெடித்து அதன்மேல் ரத்தம் உறைந்திருக்கலாம். மாரடைப்புக்கு மிக அருகில் இருக்கிறோம் என்று அர்த்தம். வாயுவாக இருக்கும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தமனி திடீரென இறுகிக்கொள்ளும் வகையும் உண்டு. அது பெரும்பாலும் நள்ளிரவிலோ விடியற்காலையிலோ வரும். தமனிகளைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராமில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்களில் கோளாறு இருந்தாலும் வலிக்கும். பெண்களிடம் இது அதிகம். 'ரிப்போர்ட் நார்மல், எல்லாம் மனப்பிரமை' என்று அவர்களை அனுப்பிவிடுவது அநியாயம்.

நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரை அடைப்பைத் திறப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். முக்கியமாக அது செய்வது வேறு: சிரைகளைத் தளர்த்தி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைக் குறைத்து, பாரத்தை இறக்குகிறது. ரத்த அழுத்தமும் இறங்குவதால் உட்கார்ந்துகொண்டே போட வேண்டும். வயாகரா வகை மாத்திரை எடுத்தவர்கள் இதைத் தொடவே கூடாது. டைனமைட் செய்த ஆல்ஃபிரட் நோபலுக்கும் கடைசிக் காலத்தில் மருத்துவர்கள் இதே நைட்ரோகிளிசரினைத்தான் எழுதிக் கொடுத்தார்கள்.

சரி, குறுகிய தமனியை விரித்து வைக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட்? நிலையான ஆஞ்சைனாவில் அது வலியை நன்றாகக் குறைக்கும். ஆனால் ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் போன்ற மருந்துகளை ஒழுங்காக எடுப்பவர்களுக்கு அது ஆயுளைக் கூட்டுவதாக 2020-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டவில்லை. இடது பக்கக் கரோனரி தமனியின் தொடக்கமான இடது பிரதான தமனியிலேயே அடைப்பு உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அவர்களுக்குப் பெரும்பாலும் பைபாஸோ ஸ்டென்டோ தேவைப்படும்.