எண்டோசிம்பயான்ட்: தமிழில் உள்ளுறை கூட்டுயிர்

உச்சிப்புளிப் பக்கம் தென்னந்தோப்புகளில் அடி மட்டை ஓலைகள் கரி பூசினாற்போல் கறுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலே இருக்கும் சுருள் வெள்ளை ஈ வடிக்கிற இனிப்புக் கழிவில் படரும் கரும்பூசணம் அது. தோப்புக்கார அண்ணன் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஓலைச் சாறைத்தானே தம்பி குடிக்குது, அதை ஏன் சர்க்கரையாவே கழியுது?" நல்ல கேள்வி. பதில் தேடிப் போனால் 'எண்டோசிம்பயான்ட்' என்ற சொல்லில் போய் நிற்போம்.

தாவரச் சாற்றில் சர்க்கரை ஏராளம், புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்கள் சொற்பம். அதனால் பூச்சி நிறையக் குடித்து, மிஞ்சும் சர்க்கரையை வெளியே தள்ளுகிறது. அப்படியும் தீராத அமினோ அமிலக் குறையைத் தீர்ப்பது, அதன் உடலில் தனிச் செல்களுக்குள் குடியிருக்கும் பாக்டீரியா. இப்படி இன்னோர் உயிரின் உடலுக்குள் வாழ்கிற உயிர்தான் எண்டோசிம்பயான்ட். வெள்ளை ஈக்குள் இருப்பது போர்டியெரா. சாறு குடிக்கும் இன்னொரு பூச்சியான அசுவினிக்குள் இருப்பது புக்னெரா. அசுவினிக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துப் புக்னெராவைக் கொன்றால் அசுவினி சரியாக வளராது, குட்டியும் போடாது.

'எண்டோ' என்றால் கிரேக்கத்தில் உள்ளே. 'சிம்' சேர்ந்து, 'பயோஸ்' வாழ்வு. 'சிம்பயோசிஸ்' என்பதை 1870களின் கடைசியில் ஜெர்மன் தாவரவியலாளர் அன்டோன் டி பாரி பரப்பியபோது, வேறுபட்ட உயிர்கள் சேர்ந்து வாழ்வது என்றுமட்டும்தான் பொருள் சொன்னார். யாருக்கு லாபம் என்ற கணக்கு அதில் இல்லை. ஒட்டுண்ணியும் அதில் அடக்கம். நம் பாடநூல்களின் 'கூட்டுயிர்' என்ற சொல்லில் இருவருக்கும் நன்மை என்ற சாயல் ஏறிவிட்டது. இலங்கைத் தமிழில் வழங்கும் 'ஒன்றியவாழ்வு' மூலத்துக்கு இன்னும் நெருக்கம் என்று நினைக்கிறேன்.

சரி, 'எண்டோ'வுக்கு என்ன வைப்பது? 'அகக்கூட்டுயிரி' என்று எழுதுகிறவர்கள் உண்டு, பிழையில்லை. எனக்குப் பிடித்தது 'உள்ளுறை கூட்டுயிர்'. இது வினைத்தொகை. உறைந்த, உறைகிற, உறையும் என்று மூன்று காலமும் அதற்குள் இருக்கிறது. வினைத்தொகை என்பதால்தான் நடுவில் 'க்' போடவில்லை. இந்தப் பாக்டீரியாவின் கதையே அந்த மூன்று காலம்தான்.

அதைக் காட்டுவது ஜீனோம். ஓர் உயிரின் மரபுச் செய்தி முழுவதும் சேர்ந்த தொகுதி; தமிழில் மரபணுத்தொகுதி. நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவுக்கு அதில் ஏறக்குறைய 46 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள், 4,000க்கு மேல் மரபணுக்கள். அதன் தூரத்து உறவான புக்னெராவை 2000-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் படித்து முடித்தபோது இருந்தது 6.4 லட்சம் எழுத்து, 600க்கும் குறைவான மரபணு. தத்துப்பூச்சிக்குள் வாழும் நாசுயா என்ற பாக்டீரியாவுக்கு 1.12 லட்சம் எழுத்துதான்.

எப்படிக் கரைந்தது? நாலைந்து நாள் கடலில் தங்கப் போகிற படகில் அரிசி, தண்ணீர், ஐஸ், மாற்று வலை எல்லாம் ஏறும். வீட்டோடு இருக்கிறவனுக்கு அது எதுவும் வேண்டாம். பூச்சிக்குள் சோறும் பாதுகாப்பும் கிடைத்தபின், வெளியே பிழைக்க உதவிய மரபணுக்கள் பழுதானாலும் நட்டமில்லை, உதிர்ந்துபோயின. ஆனால் இது பாதிதான். தேவையான மரபணுக்களும் போயிருக்கின்றன, டிஎன்ஏ-வைப் பழுதுபார்க்கிற சில மரபணுக்கள் உட்பட. காரணம், தாயிடமிருந்து அடுத்த தலைமுறைக்குக் கொஞ்சம் பாக்டீரியாக்களே போகின்றன. வெளியிலிருந்து புது மரபணு வாங்க வழியில்லை. சின்னக் கூட்டத்தில் நேர்ந்த பழுது அப்படியே நிலைத்துவிடும், திரும்பச் சரியாகாது. ஒருபக்கம் மட்டும் சுழலும் பற்சக்கரத்தோடு இதை ஒப்பிட்டு 'முல்லரின் பற்சக்கரம்' என்பார்கள். 15 கோடி ஆண்டுகளுக்கு மேல் அது சுற்றியிருக்கிறது. இன்று புக்னெராவால் அசுவினியை விட்டு வெளியே வாழ முடியாது.

மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையைக் கட்டும் பவள உயிரிகளுக்குள் வாழும் பாசியும் இதே பெயர்தான் பெறுகிறது. ஆனால் அது வேறு மாதிரி. கடல் சூடானால் பவளம் பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகும். 2010-இலும் 2016-இலும் இங்கே நடந்தது. பல பவள இனங்களின் குஞ்சுகள் பாசியைக் கடலிலிருந்தே புதிதாகச் சேர்த்துக்கொள்ளும். கதவு திறந்திருக்கிற அந்தப் பாசியின் மரபணுத்தொகுதி புக்னெரா அளவுக்குச் சுருங்கவில்லை. 100 கோடி எழுத்துக்குமேல் இருக்கிறது. ஆகவே 'உள்ளுறை' என்பதன் முழு அழுத்தமும் பூச்சிப் பாக்டீரியாவுக்கே பொருந்தும்.

எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களில் அப்பும் ஒரு மாவுப்பூச்சிக்குள் டிரெம்பிளாயா என்ற பாக்டீரியா இருக்கிறது. அந்தப் பாக்டீரியாவுக்குள்ளேயே மொரனெல்லா என்ற இன்னொரு பாக்டீரியா. ஓர் அமினோ அமிலம் உருவாவதில் ஒரு படியை அதுவும், அடுத்த படியை இதுவும், இன்னொரு படியைப் பூச்சியும் செய்கின்றன. அதை 'உள்ளுறையின் உள்ளுறை' என்றே எழுதலாம்.