‘நிலா ஆவி’ அல்ல, நிலவின் ஆள்

வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்களின் கதைகளைத் தமிழாக்குவோர் ‘ஆவி’யை விடுவதாயில்லை. ‘நிலா ஆவி’ என்று படித்தால் நமக்குத் தோன்றுவது செத்தவர், இல்லாவிட்டால் இட்லிப்பானை.

அவர்கள் ‘நிலா ஆவி’ என்று எழுதும் அந்த நிலா மனிதனுக்குக் கனடா இனுயிட் வழக்கில் பெயர் ‘தக்கியுப் இனுவா’. தக்கிக் என்பது நிலா. மாதமும் அதுவே, நம் திங்களைப் போல. ‘உப்’ ஆறாம் வேற்றுமை உருபு. இனுக் என்றால் மனிதர்; இனுவா, ‘அதன் மனிதர்’, அதற்கு உரியவர்.

இதில் ஆவி எங்கே வந்தது? மனித உயிருக்கு அவர்களிடம் ‘தர்னிக்’ என்று தனிச்சொல் உண்டு. மந்திரவாதியான அங்கக்குக்கின் ஏவலுக்கு வருவது ‘தூர்ங்கக்’. மூன்றையும் ‘ஆவி’ என்றே எழுதினால், அங்கக்குக் தூர்ங்கக்கின் துணையோடு நிலவின் இனுவாவைப் பார்க்கப் போகும் கதை ‘ஆவியோடு ஆவியைப் பார்க்கப் போனான்’ என்றாகிவிடும்.

கதையிலும் அவன் செத்த ஆள் இல்லை. இருட்டில் தன்னிடம் வருபவன் யாரென்று அறிய, ஒருத்தி விளக்குக்கரியை அவன் முகத்தில் பூசுகிறாள். பார்த்தால், உடன்பிறந்தவன்! தீப்பந்தத்தோடு ஓடுகிறாள், துரத்துகிறவனின் பந்தம் அணைந்து கங்காகிறது. இருவரும் உடம்போடு வானேறுகிறார்கள். அவள் சூரியன், மங்கிய கங்கோடு போனவன் நிலா, நிலவின் கறை அந்தக் கரி. அங்கே அவனுக்கு வீடும் நாய்வண்டியும் உண்டு.

‘சந்திர பகவான்’ இன்னும் மோசம். நவக்கிரக மேடையில் ஏற்றுவதோடு, உடன்பிறந்தவளையும் ‘சூரிய பகவான்’ ஆக்கி ஆணாக்கிவிடுகிறார்கள்.

பழந்தமிழில் உரியவனைக் கிழவன் என்பார்கள், பொருள் கச்சிதம். ஆனால் ‘திங்கட்கிழவன்’ என்றால் இன்று முதியவர்தான் தெரிவார், கூடவே வாரத்தின் முதல் வேலைநாளும். ‘திங்களுடையான்’ என்றால் சிவன் குறுக்கே வருவார்.

‘நிலவின் ஆள்’ போதும். ஆள் என்பது மனிதர். ஆளுதல் உடைமை கொள்வதும்தான். இனுவாவின் இரு பக்கமும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. ‘நிலவாள்’ என்று ஒட்டிவிடாதீர்கள், பெண்ணாகிவிடுவான். ‘சிலாப் இனுவா’வுக்கும் இது பொருந்தும்: வான்வெளியின் ஆள்.

இன்னொன்று: இனுயிட் என்பதே பன்மை. அதற்கு மேல் ‘கள்’ சேர்த்து ‘இனுயிட்டுகள்’ என்று எழுதுவது ‘மக்கள்கள்’ என்பதைப் போன்றது.