தூசிக் கருவி காட்டினால் போதாது, கையெழுத்தும் வேண்டும்

அமெரிக்காவின் நிலத்தடி நிலக்கரிச் சுரங்கங்களில் 2016 முதல் ஒரு கருவியைத் தொழிலாளியின் உடம்பிலேயே மாட்டி விடுகிறார்கள். மூச்சு விடும் இடத்துக் காற்றை இழுத்து, வடிகட்டியில் படியும் நுண்தூசியை எடைபோட்டு, அளவை அங்கேயே திரையில் காட்டும். வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 1.5 மில்லிகிராம். நல்லதுதான். ஆனால் எல்லாத் தொழிலாளர்களுக்கும் அது மாட்டப்படுவதில்லை. மாட்டுவதும் சுரங்க நிறுவனமேதான். தூசி மாதிரிகளில் மோசடி செய்ததாக 2018இல் கென்டக்கியில் குற்ற வழக்கே பதிவானது.

நெஞ்சில் ஏற்கெனவே தூசி படிந்தவருக்குத் தனி உரிமை இருக்கிறது. அதைத் தரும் மத்திய விதியின் பெயர் 'பகுதி 90'. காற்றில் 0.5 மில்லிகிராமுக்கு மேல் தூசி இல்லாத இடத்தில்தான் அவரை வேலை செய்ய வைக்க வேண்டும். அதே சுரங்கம், அதே ஷிப்ட், சம்பளமும் குறையக் கூடாது.

இது தானாக வராது. முதலில் எக்ஸ்ரே. சொந்த மருத்துவர் 'நுரையீரலில் நிழல் தெரிகிறது' என்று எழுதிக் கொடுத்த சீட்டு செல்லாது. நியோஷ் என்ற மத்திய ஆய்வு நிறுவனத்தின் முறைப்படி படித்து வகைப்படுத்திய எக்ஸ்ரேதான் கணக்கு. அதற்குக் கட்டணம் இல்லை, முடிவும் முதலாளிக்குப் போகாது. 'தெரிந்தால் வேலை போய்விடும்' என்று பயந்தே பலர் எடுக்காமல் விடுகிறார்கள். அப்புறம், உரிமையைக் கோரும் படிவத்தில் கையெழுத்திட்டு எம்ஷா என்ற சுரங்கப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். படிவத்தை அனுப்பாமல் எக்ஸ்ரே முடிவுக் கடிதத்தை அலமாரியில் வைத்தால் கடிதம் மட்டும்தான் மிஞ்சும். எம்ஷாவின் அறிவிப்பு நிறுவனத்தின் கைக்குப் போன 20 நாளுக்குள் குறைந்த தூசி உறுதியாக வேண்டும். அந்தத் தேதியை எழுதி வையுங்கள், அலுவலகம் நினைவூட்டாது.

வாங்கிய உரிமையை இழப்பதுதான் இன்னும் சுலபம். தூசி அதிகம் என்று தெரிந்தே வேறு வேலைக்கு விண்ணப்பித்து ஏற்றுக்கொண்டால் உரிமையைக் கைவிட்டதாகவே அர்த்தம். இருக்கும் இடத்தில் அளவு மீறியதாகக் கருவி காட்டிய பிறகு, விதிப்படி தரும் மாற்று இடத்தை மறுத்தாலும் அப்படியே. கோபத்தில் 'எனக்கு வேண்டாம்' என்று சொல்லிவிடாதீர்கள்.

பகுதி 90 தொழிலாளியின் தூசி அறிக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படாது, ஒட்டவும் கூடாது. பிரதியை அவருக்கே தர வேண்டும். ஒவ்வொன்றையும் வாங்கி வீட்டில் சேர்த்து வையுங்கள்.

இன்னொரு குழப்பம். பகுதி 90 கடிதம் இழப்பீட்டுக்கான சான்று ஆகாது. கருநுரையீரல் (நிலக்கரித் தூசியால் வரும் நுரையீரல் நோய்) இழப்பீடு தனி விண்ணப்பம், அது அந்த நோயால் சுரங்க வேலையே செய்ய முடியாதபடி முடங்கியவருக்கு. முடங்கிவிட்டதாக மருத்துவர் சொன்னது தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் கேட்க வேண்டும்.

உரிமை கேட்டதற்காக வேலையை விட்டு நீக்கினாலோ பழிவாங்கினாலோ எம்ஷாவிடம் புகார் செய்ய 60 நாள்தான். மேலாளர் 'பேசித் தீர்ப்போம்' என்று இழுத்துக்கொண்டே போனால், பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், புகாரை முதலில் கொடுத்துவிடுங்கள்.